வேலி போடாத ஊர்: இங்கிலாந்தின் லாக்ஸ்டன் கிராமம்

ஓடைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

நாட்டிங்ஹாமுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. ஷெர்வுட் காடு, கோட்டை, கால்பந்து மைதானம் என்று ஆளாளுக்குச் சொன்ன இடமெல்லாம் பார்த்தாயிற்று. காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் இப்படி ஓர் ஊர் இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒல்லர்ட்டனுக்குக் கொஞ்சம் கிழக்கே, லாக்ஸ்டன்.

ஊருக்குள் நுழைந்ததும் வித்தியாசமாக ஒன்றும் தெரியாது. சிவப்புச் செங்கல் வீடுகள், ஓட்டுக்கூரை, ஒரு சர்ச், ஒரு பப். கொஞ்சம் நின்று பார்த்தால்தான், பண்ணை வீடுகள் பலவும் தெருவுக்கு முகத்தைக் காட்டாமல் பக்கச் சுவரைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பது கண்ணில் படும். வீட்டுக்குப் பின்னால் களமும் கொட்டகையும் நீளமாகப் போகின்றன. இங்கிலாந்தில் பண்ணை வீடு என்றால் பெரும்பாலும் தன் நிலத்துக்கு நடுவில் தனியாக நிற்கும். இங்கே ஏன் எல்லாரும் தெருவிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்? காரணம், ஒருவருடைய நிலமும் ஒரே இடத்தில் இல்லை. ஊரைச் சுற்றி எல்லாத் திசையிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒவ்வொன்றிலும் நீளநீளமான கீற்றுகள். கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவில் வேலியும் கிடையாது, புதர் வரிசையும் கிடையாது. ஒரு வயலில் எல்லாரும் குளிர்கால கோதுமை, இன்னொன்றில் எல்லாரும் வசந்தப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் வரிசை மாறும். "என் துண்டில் எனக்குப் பிடித்ததைப் போடுவேன்" என்று யாரும் கிளம்ப முடியாது. ஒரு காலத்தில் மத்திய இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் பயிர் செய்தது. இன்று இந்த மூன்று வயல் முறை, அதை நடத்தும் ஊர் நீதிமன்றத்தோடு சேர்ந்து, உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில் மட்டும்தான்.

அந்த நீதிமன்றத்தின் பெயர் கோர்ட் லீட். நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அந்தக் கோர்ட்டின் ஜூரிகள், அதாவது வயலில் பங்கு உள்ள ஊர்க்காரர்கள், வயலைச் சுற்றிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுப் போனேன். வயலுக்கு நடுவில் போகும் மண் பாதையில் தள்ளி நின்று பார்த்தேன். டிராக்டரின் பின்பெட்டியில் வந்து இறங்கினார்கள். கையில் கட்டைச் சுத்தியல், எல்லை குறிக்க ஒரு கட்டு மர முளை. ஓரிடத்தில் பாதையோரப் புல் ஒரு முழம் அளவுக்கு உழுபட்டிருந்தது. ஒருவர் குனிந்து பழைய முளையைத் தேடினார், இன்னொருவர் காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சு. அப்புறம் புது முளையை வைத்து நாலு போடு போட்டார்கள். செதுக்கின வெள்ளைத் தலை மட்டும் செம்மண்ணுக்கு மேலே தெரிந்தது. அந்தக் கீற்றுக்காரரும் கூட்டத்தில் இருந்தாரோ என்னவோ, ஒருவர் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் எல்லாரும் டவ்கோட் இன் பப்புக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, யாருக்கு எவ்வளவு அபராதம் என்று அங்கேதான் முடிவு செய்வார்கள். ஒரு வாரம் கழித்து, அதே பப்பில் கோர்ட்.

ஊர் என்றால் என்ன என்று இத்தனை நாள் நினைத்திருந்ததை அந்த முளை கொஞ்சம் கலைத்துவிட்டது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

செம்மண்காரன்

வரப்பை அரக்கிய ஆளுக்கு முளை அடிக்கிறார்கள்! இதைப் படித்ததும் எங்கள் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது. வருஷத்துக்கு அரை அடி. கேட்டால் "மழையில் கரைஞ்சது" என்பார்.

ஒரு சந்தேகம். ஏன் துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள்? எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரே இடமாக மாற்றிக்கொண்டால் வேலை சுலபம்தானே?

ஓடைக்கரை

நல்ல மண்ணிலும் எல்லாருக்கும் பங்கு, நீர் தேங்கும் இடத்திலும் எல்லாருக்கும் பங்கு. அதுதான் பழைய கணக்கு. அங்கே கனமான களிமண். மழை ஓங்கினால் தாழ்ந்த கீற்று அழுகும், மேட்டுக் கீற்று பிழைக்கும். ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒரு வருஷத்து மழை ஒரு குடும்பத்தையே படுக்க வைத்துவிடும்.

ஆனால் நீங்கள் சொன்னதை அவர்களும் பாதி செய்திருக்கிறார்கள். 1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவைக்காரர் இந்த ஊரை அளந்து ஒரு பெரிய வரைபடம் போட்டார். இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஏர் ஓட்டுகிறவன், கதிர் அறுக்கிறவன், மேயும் மாடு என்று சின்னச்சின்ன உருவங்களெல்லாம் வரைந்திருக்கிறார். அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கீற்றுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கீற்றுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். இன்று இருப்பது இருநூறுக்குள்தான்.

பழைய சங்கிலி

நான் நில அளவைத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி ஓடைக்கரை, நீளக் கீற்று என்று சொன்னீர்களே, அதில் ஒரு கதை இருக்கிறது. நம் எல்லார் வாயிலும் புழங்குகிற கதை.

பர்லாங்கு என்று சொல்கிறோமே, "இங்கேயிருந்து ரெண்டு பர்லாங்கு" என்று, அது ஆங்கிலத்தில் "உழவுசால் நீளம்" என்ற சொல்லிலிருந்து வந்தது. மாடு பூட்டிய ஏர் மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் போகும் தூரம், 220 கெஜம். மத்திய காலத்து இங்கிலாந்தின் கனமான ஏருக்கு எட்டு மாடுவரை பூட்டுவார்கள். அத்தனை மாட்டையும் ஏரையும் திருப்புவது லேசான காரியமா? அதனால்தான் கீற்று நீளமாகவும் ஒடுக்கமாகவும் ஆனது. திரும்பும் இடம் வருவதற்கு முன்பே மாட்டை மெல்ல ஒடிக்க ஆரம்பிப்பார்கள். பல தலைமுறை அப்படி ஓட்டி ஓட்டிக் கீற்றே லேசான பாம்பு வளைவாகிவிடும். அந்த வளைவை இங்கிலாந்தின் பல மேய்ச்சல் நிலங்களில் இன்றும் மேடும் பள்ளமுமாகப் பார்க்கலாம்.

ஒரு பர்லாங்கு நீளம், 22 கெஜம் அகலம், அது ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழும் நிலம் என்பது அதன் பழைய பொருள். 22 கெஜம் என்பது கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும்தான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது எங்கள் தொழில் கருவி. 1620இல் எட்மண்ட் கன்ட்டர் என்பவர் வெளியிட்ட 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணி. பத்துச் சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம், ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு நம் சென்ட், 435.6 சதுர அடி. மனை வாங்கப் போகிற எல்லாருக்கும் அந்த 435.6 மனப்பாடம். அது ஏதோ ஒரு தேசத்து மாடு மூச்சு வாங்கிய இடத்திலிருந்து வந்த கணக்கு என்று யாருக்குத் தெரியும்!

ஒரு வேலை தருகிறேன். அடுத்த தடவை போனால் ஒரு கீற்றைத் தப்படி போட்டு அளந்து வந்து சொல்லுங்கள். 22 கெஜம் தேறுகிறதா பார்ப்போம்.

அரைக்காசு

எல்லாம் அழகாக இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றட்டுமா?

இது ஓர் அருங்காட்சியகம். மூன்று வயலும் சேர்த்து ஏறக்குறைய 480 ஏக்கர். குத்தகைதாரர்களுக்கு இதற்கு வெளியே வேலி போட்ட நிலமும் இருக்கிறது. ஊரை வைத்திருந்த மேன்வர்ஸ் பிரபு 1952இல் வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச சொத்து நிர்வாகத்துக்குக் கை மாறியது. ஏறக்குறைய எழுபது வருஷம் அரசாங்கம் தாங்கிப் பிடித்த ஒன்றை "ஊர் தானே காப்பாற்றியது" என்று நினைப்பது சரியா?

இன்னொன்று. மற்ற ஊர்களில் ஏன் வேலி வந்தது? விளைச்சல். பக்கத்துக் கீற்றுக்காரன் களை எடுக்காவிட்டால் என் வயலுக்கும் களை வரும். ஒரு புதுப் பயிர் போட வேண்டும் என்றால் ஊரையே சம்மதிக்க வைக்க வேண்டும். டர்னிப் கிழங்கு, குளோவர் தீவனப் பயிர் என்று போட்டுத் தரிசே இல்லாமல் செய்தவர்கள் முன்னேறினார்கள். பொது என்றால் தேக்கம். கேட்க நன்றாக இருக்காது, ஆனால் உண்மை.

மழைக்குருவி

அரைக்காசு சார், முன்னேறியது யார் என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம்.

1604லிருந்து 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை, அதாவது பொது வயலையும் மேய்ச்சலையும் பிரித்து ஆளுக்கு ஆள் வேலிக்குள் கொடுக்கும் சட்டங்களை, நிறைவேற்றியது. ஊருக்கு ஊர் தனித்தனிச் சட்டம். மொத்தம் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆவணம் காட்ட முடிந்தவனுக்குப் பங்கு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பொது நிலத்தில் ஒரே ஒரு பசுவை மேய்த்துக்கொண்டிருந்த குடிசைக்காரிக்கு என்ன ஆவணம்? ஒரு துண்டு கிடைத்தாலும் வேலி போடும் செலவு அவள் தலையில். விற்றுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

கதிர் பொறுக்குவதையும் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்குவது பெண்கள், பிள்ளைகள் வேலை. பல ஊர்களில் காலையில் சர்ச் மணி அடித்த பிறகுதான் வயலில் கால் வைக்கலாம், சாயங்கால மணி அடித்ததும் நிறுத்த வேண்டும். முந்திப் போய் யாரும் அள்ளிவிடக் கூடாது என்பதற்காக. குளிர்காலத்துக்குச் சில வாரத்து மாவு அதில் தேறும். 1788இல் சஃபோக் கிராமம் ஒன்றிலிருந்து மேரி ஹாட்டன் என்ற பெண்ணின் வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. கதிர் பொறுக்குவது யாருடைய உரிமையும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. பெண்கள் அதற்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். தீர்ப்பு லண்டனில் இருந்தது, கதிர் வயலில் இருந்தது.

ஓடைக்கரை அண்ணாவிடமும் ஒரு கேள்வி. முளை அடிக்கிற ஜூரி பற்றி எழுதினீர்கள். நிலமே இல்லாதவனுக்கு அந்த ஜூரியில் இடம் உண்டா?

ஓடைக்கரை

மழைக்குருவி, கேள்வி குத்துகிறது. இல்லை. ஜூரி என்பது வயலில் பங்கு உள்ளவர்கள் கூடும் சபைதான். நான் எழுதியதில் ஊர் முழுக்க ஒரே குடும்பம் என்கிற வாசனை வந்திருந்தால் அது என் தப்பு.

அரைக்காசு சார், உங்களுக்கு. காப்பாற்றியது ஊரின் ஒற்றுமை என்று நானும் சொல்லவில்லை. உண்மையில் கதை இன்னும் வேடிக்கை. அங்கேயும் வேலியடைப்பு தொடங்கி, சில பகுதிகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வேலிக்குள் போயின. கிழக்கு வயல் என்று நாலாவதாக ஒன்று இருந்தது, அதுவும் பிறகு போய்விட்டது. மீதி தப்பியதற்கு ஒரு முக்கியக் காரணம், நிலம் இரண்டு பெரிய குடும்பங்களின் கையில் பிரிந்து கிடந்தது. மேன்வர்ஸ் பக்கம் ஒன்று, ஸ்கார்பரோ பக்கம் ஒன்று. இரண்டு பேரும் ஒத்துப்போய் வேலையை முடிப்பதற்குள் காலம் ஓடிவிட்டது. பிரபுக்கள் ஒத்துப்போகாததால் பிழைத்த ஊர் என்றே எழுதலாம்.

ஆனால் "பொது என்றால் தேக்கம்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பொது என்றால் கட்டுப்பாடில்லாதது என்று நினைத்துக்கொண்டு சொல்லும் வாதம் அது. இங்கே எங்கே கட்டுப்பாடு இல்லை? தரிசில் யார் எத்தனை ஆடு விடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. உழ முடியாத தாழ்வான ஓரங்களை சைக் என்பார்கள். மழைநீர் வடியும் புல் பட்டைகள் அவை. அந்தப் புல்லை வருஷாவருஷம் கோடையில் ஏலம் விடுகிறார்கள். உரமும் மருந்தும் அதிகம் படாமல் கிடப்பதால் அரிய பூச்செடிகள் அதில் பிழைத்திருக்கின்றன, அதற்காகவே சட்டப் பாதுகாப்பும் உண்டு. சைக்குக்குள் ஏர் விட்டாலும் அபராதம்தான்.

கோர்ட்டும் பொம்மை இல்லை. 1977இல் ஒரு சட்டத் திருத்தத்தில் இங்கிலாந்தின் இந்த மாதிரிப் பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை ஒரே வீச்சில் எடுத்துவிட்டார்கள். பல ஊர்களில் இன்றும் தொப்பி, அங்கியோடு சடங்காக மட்டும் நடக்கிறது. லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, அதிகாரத்தை அப்படியே விட்டுவைத்தார்கள்.

செம்மண்காரன்

மாடு மேய்ந்துவிட்டால்?

ஓடைக்கரை

அதற்கு பிண்டர் என்று ஒரு பதவி. அவிழ்ந்து திரியும் மாட்டையும் ஆட்டையும் பிடித்துக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுவருக்குள் அடைத்துவிடுவார். காசு கட்டினால்தான் சொந்தக்காரர் ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தப் பட்டி ஊருக்குள் இன்றும் இருக்கிறது. நான் பார்த்தபோது உள்ளே புல் மட்டும்தான் இருந்தது.

பழைய சங்கிலி

அட, நம் ஊர் பவுண்டு! "மாட்டைப் பவுண்டில் அடைச்சுட்டாங்க" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். வெள்ளைக்காரன் 1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று போட்டான். அதன்படிதான் ஊர் ஊராக பவுண்டு நடந்தது. சொல்லும் அவன் ஊர்ச் சொல்தான். வித்தியாசம் என்னவென்றால், அவன் ஊரில் பட்டிக்காரனை வைத்தது ஊர்க் கோர்ட். இங்கே வைத்தது மாஜிஸ்ட்ரேட்.

தேநீர்நேரம்

இழையை இரண்டு நாளாகச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். 1635 வரைபடம் என்றதும் ஒரு பெயரைத் தேடினேன். அதை வரையச் சொன்னவர் யார் தெரியுமா? சர் வில்லியம் கோர்ட்டன். அந்த ஊரை விலைக்கு வாங்கியிருந்த லண்டன் வியாபாரி. வாங்கிய சொத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதனால் அளக்கச் சொன்னார்.

இதே கோர்ட்டன்தான் 1627இல் பார்படோஸில் முதல் ஆங்கிலக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர். அது மட்டுமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவில் வியாபாரம் செய்ய, முதலாம் சார்லஸ் மன்னரிடம் இவர் குழு அனுமதி வாங்கியதும் 1635லேயேதான். கப்பல் கோவா பக்கம் வந்து சேர்வதற்குள் 1636இல் ஆள் போய்விட்டார். மகன் தொடர்ந்தார். கார்வார், பட்கல் என்று மேற்குக் கரையில் கிடங்கு போட்டுப் பார்த்தார்கள், கடைசியில் கடன்தான் மிஞ்சியது. லாக்ஸ்டனும் கைவிட்டுப் போனது.

அந்த வரைபடத்தில் ஏர் ஓட்டும் குட்டி மனிதர்களை இனி வேறு மாதிரிதான் பார்ப்பேன்.

அரைக்காசு

இது எனக்குப் புதுச் செய்தி. நன்றி. ஒத்துக்கொள்கிறேன், சுவாரஸ்யமான ஊர்தான். அருங்காட்சியகம் என்று சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன், மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும். இப்போது யார் கையில் இருக்கிறது? அரச நிர்வாகம் விற்கப்போவதாக 2018 வாக்கில் படித்தேன்.

ஓடைக்கரை

விற்றுவிட்டார்கள். 2020இல். வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது மேன்வர்ஸ் குடும்பத்தின் வாரிசுகள். 68 வருஷம் அரசாங்கக் கையில் இருந்துவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது. விற்பனைப் பேச்சு நடந்த காலத்தில் ஊரில் நிம்மதி இல்லை. புதிதாக வருகிறவன் கோர்ட்டை மதிப்பானா என்று பயம். இப்போதைக்குக் கோர்ட் கூடுகிறது, முளை அடிக்கிறார்கள். அதற்கு மேல் என்னால் ஜோசியம் சொல்ல முடியாது.

ஊரில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. சர்ச்சுக்கு வடக்கே நார்மன் காலத்துக் கோட்டை மேடு, கல் ஒன்றும் மிஞ்சவில்லை, மண் மேடும் அகழியும்தான். சர்ச்சுக்குள் எவரிங்ஹாம் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் படுத்த நிலைச் சிலை, ஓக் மரத்தில் செதுக்கியது. பக்கத்தில் கல் சிலைகளாக இருக்கும் ஆண்களைவிட அவள் முகம்தான் மனதில் நின்றது. அப்புறம் ஒன்று, யாரும் எதிர்பார்க்காதது. யூத இன அழிப்புக்கான தேசிய நினைவு மையம் 1995லிருந்து இந்த ஊர் எல்லையில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும், வயலோடு சேர்த்து ஒரே நாளில் பார்க்க முயற்சி செய்யாதீர்கள்.

மழைக்குருவி

அண்ணா, அந்தப் பப்பில் கோர்ட் நடப்பதை வெளியாள் பார்க்கலாமா?

ஓடைக்கரை

நான் கேட்டபோது ஓரமாக நில்லுங்கள் என்றார்கள். நின்றேன். பேர் பட்டியல் வாசித்தார்கள், அடுத்த வருஷத்து ஜூரிக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைத்தார்கள், அபராதம் படித்தார்கள். தொகை சின்னதுதான். ஆனால் பெயரைச் சொல்லிப் படிக்கிறபோது, அறை முழுக்க அக்கம்பக்கத்து ஆட்கள் பீர் கிளாஸோடு திரும்பிப் பார்க்கிறார்களே, அதுதான் அபராதம். செம்மண்காரன் சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன்.

செம்மண்காரன்

சித்தப்பா அதற்கும் அசர மாட்டார். "பேரை சரியா படி" என்பார்.

ஓடைக்கரை

பழைய சங்கிலி ஐயாவுக்கு: நேற்று போய்த் தப்படி போட்டேன். என் தப்படி ஒன்று ஏறக்குறைய ஒரு கெஜம். மேற்கு வயலில் பாதையோரம் இருந்த முதல் கீற்று 41, அடுத்தது 38. உங்கள் 22 எங்கும் தேறவில்லை.

பழைய சங்கிலி

தேறாது தம்பி. நீங்களே மேலே எழுதினீர்கள், சேர்த்துப் பெரிதாக்கினார்கள் என்று. மாட்டுக்குத் தைத்த சட்டையைப் பிரித்து டிராக்டருக்குத் தைத்திருக்கிறார்கள். நீளம் என்ன வந்தது?

ஓடைக்கரை

140 தப்படி வரை எண்ணினேன். அதற்கு மேல் சேறு, ஒரு பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. கோடையில் போய் மீதியை எண்ணுகிறேன்.